ஆய்வேட்டை முதலில் யாரிடம் கொடுப்பது? பச்சைத் தேயிலை ஆய்வு பற்றி ஒரு கேள்வி

கோத்தகிரி மகள் – செவ்வாய், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். தேயிலை விவசாயிகளும் கல்லூரி ஆசிரியர்களும் ஓய்வு பெற்ற அலுவலர்களும் இங்கே இருப்பதால் கேட்கிறேன். இந்த வாரத்துக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

வணிகவியலில் முனைவர் பட்டத்துக்காக மூன்று ஆண்டுகள் கோத்தகிரி, குன்னூர் வட்டங்களில் ஹட்டி ஹட்டியாக, அதாவது படுகர் ஊர் ஊராகச் சுற்றினேன். சிறு விவசாயி தன் பச்சைத் தேயிலையை யாரிடம் கொடுக்கிறார், ஏன் கொடுக்கிறார் என்பதுதான் ஆய்வு. கூட்டுறவுத் தொழிற்சாலையில் அங்கத்தினராக இருந்துகொண்டே, வெளியே இலை வாங்கும் ஏஜென்டுக்கு இலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிலோவுக்கு ஒரு ரூபாய் குறைவாகக் கிடைத்தாலும் ஒரே ஆளுக்கே கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். விலையை மட்டும் பார்த்தால் இது புரியாது. பெண்ணின் திருமணத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் இரவோடு இரவாக முன்பணம் கொடுத்தவர் அந்த ஏஜென்ட். அந்தக் கடன் கணக்கில் இருக்கும்வரை இலை வேறு வாசலுக்குப் போகாது. என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் முழுவதும் இதுதான்.

பட்டம் வாங்கிவிட்டேன். ஆய்வேடு, முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் தொகுக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏறிவிட்டது. யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம், ஆங்கிலத்தில்.

போன மாதம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி இலை எடுத்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தார். என் வினாத்தாளுக்கு முதன்முதலில் பதில் சொன்னவர் அவர்தான். அன்று எனக்காக அரை நாள் கூலியை விட்டுவிட்டு உட்கார்ந்து பேசினார். என்னைப் பார்த்ததும், "அன்றைக்கு அத்தனை எழுதிக்கொண்டு போனாயே, அதில் என்ன வந்தது?" என்று கேட்டார். அவருக்குப் புரியும்படி சொல்ல என்னிடம் நான்கு வாக்கியம்கூட இல்லை. ஆங்கிலத்தில் முந்நூறு பக்கம் இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது இரண்டு பேர் ஆய்வைக் கேட்கிறார்கள். ஓர் அரசுத் துறை சுருக்கம் கேட்டிருக்கிறது. தேயிலை வாங்கி விற்கும் ஒரு நிறுவனம், சுருக்கத்தோடு நான் திரட்டிய தரவுகளையும் கேட்கிறது. என் நெறியாளர் இரண்டு பேருக்கும் கொடுக்கச் சொல்கிறார். ஆராய்ச்சி அலமாரியை விட்டு வெளியே போவது நல்லதுதானே என்பது அவர் வாதம். அது தவறில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்து என்ன?

---

இலைக்கணக்கு, குந்தா – செவ்வாய், இரவு 10.25

தங்கச்சி, நான் ஒன்றரை ஏக்கர்க்காரன். உன்னைப் போல இரண்டு மூன்று பேருக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். யாரும் திரும்பி வந்ததில்லை. திரும்பி வர வேண்டும் என்று நினைத்து நீ எழுதியதற்கே முதலில் நன்றி.

எங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று சொல்கிறேன். அதைப் பார்த்துவிட்டு, உன் ஆய்வில் அது இருக்கிறதா என்று நீயே சொல்.

2003-ஆம் ஆண்டு தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபின், தேயிலைத் தூள் விற்ற விலையை விவசாயிக்கும் தொழிற்சாலைக்கும் 65:35 என்று பங்கிடும் கணக்கு வந்தது. தேயிலை வாரியம் மாதந்தோறும் பச்சைத் தேயிலைக்குச் சராசரி விலை அறிவிக்கிறது. இதுவரை எல்லோருக்கும் தெரியும். இதற்கு அடுத்த படிதான் தெரியாது. ஒரு கிலோ தூளுக்கு எத்தனை கிலோ இலை என்பதில்தான் விலை நிற்கிறது. பேச்சுக்குத் தூள் கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள். விவசாயி பங்கு 65. நாலு கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள் என்றால் இலைக்கு 16 ரூபாய் 25 காசு. நாலரை கிலோ என்று எழுதினால் 14 ரூபாய் 44 காசு. அரை கிலோ வித்தியாசம்தான். எனக்குக் கிலோவுக்கு ஒன்றே முக்கால் ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. இதற்கு முன்னால் எடைமேடையிலேயே ஈரத்துக்கும் முற்றிய இலைக்கும் கழிவு என்று எடையைக் குறைப்பதும் உண்டு.

இந்தக் கணக்கை எங்கள் ஹட்டியில் போடத் தெரிந்தவர்கள் ஐந்து பேர்கூட இருக்க மாட்டார்கள். நானே என் மகன் சொல்லிக் கொடுத்துத்தான் கற்றேன். இரண்டு இலையும் மொட்டுமாக எடுத்தால் என்ன கிடைக்கும், மட்டமாக எடுத்தால் எவ்வளவு போகும் என்று ஒரு தாளில் போட்டுக் கொடுத்தால், பத்துப் பேரிடம் அதைக் காட்டிக் கேள்வி கேட்பேன். முந்நூறு பக்கம் எனக்கு வேண்டாம், அந்த ஒரு தாள் போதும்.

நிறுவனத்துக்குத் தரவு கொடுப்பது பற்றி நாளை எழுதுகிறேன். எனக்கு அதில் பயம் இருக்கிறது.

---

கரும்பலகை, கோவை – புதன், காலை 7.10

மேலாண்மைத் துறையில் இருபத்தாறு ஆண்டுகள் ஆசிரியராக இருக்கிறேன். இந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

எங்கள் பதவி உயர்வுக்கு ஆய்விதழ்க் கட்டுரைகள் கணக்கு. ஒரு ஹட்டியில் போய் இரண்டு மணி நேரம் தமிழில் விளக்கினால் அதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் கிடையாது. நல்ல மனம் உள்ள இளைய ஆசிரியர்கூட ஐந்தாறு ஆண்டில் சோர்ந்துபோகிறார். பிரிட்டனில் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கு நடக்கும் மதிப்பீட்டில் 2014 முதல், ஓர் ஆராய்ச்சி வெளியே என்ன பயன் விளைவித்தது என்பதற்கும் மதிப்பெண் வைத்தார்கள். முதலில் மொத்த மதிப்பெண்ணில் 20 விழுக்காடு, 2021 மதிப்பீட்டில் 25. அதிலும் குறை சொல்கிறவர்கள் உண்டு. பயனைவிடப் பயனைப் பற்றி அறிக்கை எழுதுவதில் நேரம் போகிறது என்பார்கள். ஆனால் அப்படி ஒரு கட்டமாவது அங்கே இருக்கிறது.

நம் நாட்டில் வேளாண் ஆராய்ச்சிக்கு அந்த வாசல் வெகுநாளாக உண்டு. 1974-இல் இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில்தான் தொடங்கியது. இன்று குன்னூரிலும் ஒன்று இருக்கிறது. செடிக்கு நோய் வந்தால் ஓர் இலையைப் பிடுங்கிக்கொண்டு போய்க் காட்டலாம். ஆராய்ச்சிக்கூடத்தில் கண்டது வயலுக்கு வருகிறது, வயலில் கண்ட சந்தேகம் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகிறது. ஒப்பந்தத்தில் சந்தேகம், கழிவில் சந்தேகம், கடன் கணக்கில் சந்தேகம் என்றால் எந்த வாசலுக்குப் போவது? வணிகவியல் படிப்பிக்கும் கல்லூரி இல்லாத ஊர் இந்த மாவட்டத்தைச் சுற்றிக் குறைவு. விவசாயி எவரும் கணக்குத் தாளோடு வந்து எங்கள் துறைக் கதவைத் தட்டியதை நான் பார்த்ததில்லை. தட்டலாம் என்று நாங்களும் அவர்களிடம் சொன்னதில்லை.

மகளே, என் ஆலோசனை: அரசுக்கும் கொடுங்கள், நிறுவனத்துக்கும் கொடுங்கள், பெயர்களை நீக்கிவிட்டு. அறிவை அடைத்து வைப்பதால் யாருக்கும் லாபம் இல்லை.

---

மலைக்கோப்பு, உதகை – புதன், காலை 11.30

ஓய்வு பெற்ற அரசு அலுவலன். எந்தத் துறை என்பது இங்கே தேவையில்லை. மேசையின் மறுபக்கத்திலிருந்து இதைச் சொல்கிறேன்.

அம்மா, கேட்காமல் வந்த ஆய்வறிக்கை கோப்பில் உறங்கும். யாராவது கேட்டு வந்த அறிக்கைக்குத்தான் உயிர் இருக்கும். என் பணிக்காலத்தில் தடித்த ஆய்வேடுகள் அன்பளிப்பாக வந்து அலமாரி ஏறியதைப் பார்த்திருக்கிறேன். படிக்க எங்களுக்கு மனமில்லை என்பதல்ல. அந்த அறிக்கையை வைத்து என்ன ஆணை போடலாம் என்பது அதில் எங்கும் இருக்காது.

வெளியூர் வண்டிகள் மலைக்கு வர இணையத்தில் வாங்கும் இ-பாஸ் அனுமதியை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. இந்த மலைகள் எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்று நீதிமன்றம் இடைக்கால வரம்பு வைத்தது. கேட்டவர் நீதிமன்றம் என்பதால் அந்த ஆய்வு அலமாரி ஏறாது.

தேயிலையிலும் இப்படி நடந்திருக்கிறது. தேயிலைத் தூளை இணையம் வழியாக விற்கும் மின் ஏலத்தை எப்படிச் சீர்செய்வது என்று பெங்களூரு ஐஐஎம் கொடுத்த பரிந்துரையை ஒட்டித்தான் தேயிலை வாரியம் பாரத் ஏலம் என்ற முறையைக் கொண்டுவந்தது. முதலில் நடைமுறைக்கு வந்ததும் குன்னூர் உள்ளிட்ட தென்னிந்திய மையங்களில்தான். ஒரு மேலாண்மைப் பள்ளியின் ஆய்வு, தன் தூள் விற்கும் விதத்தையே மாற்றியது என்பது குந்தாவில் இலை எடுக்கும் ஒருவருக்குத் தெரிந்திருக்குமா? இலைக்கணக்கு அண்ணன்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே சுருக்கத்தை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். முதல் பத்தியில் என்ன செய்யலாம், இரண்டாவதில் ஏன், மூன்றாவதில் எந்த அதிகாரத்தின் கீழ் என்று இருக்கட்டும். அதோடு, ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் அதை ஒரு விவசாயி கையால் கொடுக்கச் சொல்லுங்கள். அங்கே கொடுத்த மனுவுக்குப் பதில் எழுதியாக வேண்டும்.

---

இலைக்கணக்கு, குந்தா – புதன், பிற்பகல் 2.05

ஐயா, தெரியாது. ஏல முறை மாறியது செய்தித்தாளில் வந்தது. அது எங்கே பிறந்தது என்பது இன்று உங்களிடமிருந்துதான் தெரிகிறது.

---

ஏரிச்சாலை, கொடைக்கானல் – புதன், மாலை 5.50

எட்டு அறை கொண்ட சிறிய விடுதி நடத்துகிறேன். எங்கள் பக்கம் அந்த வண்டி வரம்பு வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 என்று இருந்தது.

வரம்பு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மே மாத ஞாயிற்றுக்கிழமையில் வத்தலக்குண்டு மலைச் சாலையில் நோயாளியோடு சிக்கிக்கொண்டவன் நான். இந்த மலைக்கு ஓர் எல்லை உண்டு என்பது எனக்குத் தெரியும். ஆனால் எண் எங்களிடம் வெறும் எண்ணாக மட்டும் வந்து சேர்ந்தது. எப்படிக் கணக்கிட்டார்கள், சாலையையா, நிறுத்துமிடத்தையா, தண்ணீரையா, எதை வைத்து என்று எங்கள் தெருக் கடைக்காரர்களிடம் உட்கார்ந்து சொல்ல ஆள் இல்லை. தெரியாததால் வதந்தி பரவியது, வதந்தியால் கோபம் வந்தது. நீலகிரியில் 2025 ஏப்ரல் 2 அன்று கடையடைப்பே நடந்தது. விளக்கியிருந்தால் கடையடைப்பு நடந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். பாதிப் பேராவது சரியான கேள்வியைக் கேட்டிருப்பார்கள்.

ஆராய்ச்சி அரசுக்குப் போனால் போதாது அக்கா. அது யாருடைய பிழைப்பைத் தொடுகிறதோ அவர்கள் வாசலுக்கும் போக வேண்டும், ஆணை வருவதற்கு முன்பே.

---

பூம்பாறைப் பூண்டு – புதன், இரவு 8.15

மலைப்பூண்டுக்காரன் ஒரு வார்த்தை. எங்கள் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறைக்குப் பெரிய பங்கு உண்டு. பக்கத்திலேயே இருக்கும் பல்கலைக்கழகம், நம் மண்ணில் விளைவதை ஆராய்ந்து, அரசு முத்திரை வரை கொண்டு போனது. அதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் மூட்டை இன்னும் வடுகபட்டிச் சந்தைக்குத்தான் இறங்குகிறது. அங்கே குறியீட்டைக் கேட்டு விலை சொன்ன வியாபாரியை நான் இதுவரை சந்திக்கவில்லை. பூண்டின் குணத்தை ஆராய்ந்ததுபோல் பூண்டு விற்கும் விதத்தையும் யாராவது ஆராய வேண்டும். குறியீட்டைப் பயன்படுத்தும் உரிமைக்கு விவசாயி தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதே எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. உங்களைப் போன்ற வணிகவியல் பிள்ளைகள் மலைக்கு இந்தப் பக்கமும் வர வேண்டும் தங்கச்சி.

---

இலைக்கணக்கு, குந்தா – புதன், இரவு 9.30

நேற்றுச் சொன்ன பயத்தை எழுதுகிறேன்.

உன் நான்காம் அத்தியாயத்தில் என்ன இருக்கிறது? முன்பணம் வாங்கியவன் விலை குறைந்தாலும் இலையை மாற்ற மாட்டான் என்பது. இதை அரசு படித்தால், கூட்டுறவில் அவசரக் கடன் கொடுக்க வேண்டும் என்று தோன்றலாம். இலை வாங்குகிறவன் படித்தால்? எந்த ஹட்டியில் கடன் அதிகம், எங்கே விலையைக் குறைத்தாலும் இலை வந்துகொண்டே இருக்கும் என்று தெரிந்துவிடும். பெயரை நீக்கிவிடலாம் என்கிறார் பேராசிரியர் ஐயா. ஊர்ப்பெயர் இருந்தால் போதாதா? எங்கள் ஹட்டியில் அறுபது வீடு. யார் வீட்டில் கடன் என்று கண்டுபிடிக்கப் பெயரே வேண்டாம்.

அந்தப் பாட்டி தன் கஷ்டத்தை உன்னை நம்பிச் சொன்னார். அதை எடைமேடைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரிடம் கொடுப்பதற்கு முன் அவரைக் கேள்.

---

எடைமேடை, மஞ்சூர் – புதன், இரவு 10.40

தனியார் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறேன். அண்ணன் சொல்வதை மறுக்க மாட்டேன், ஆனால் தொழிற்சாலை எல்லாம் ஒன்றல்ல. எங்கள் முதலாளிக்கும் ஏலத்தில் விலை விழுந்தால் தூக்கம் போய்விடும். விறகுக்கும் மின்சாரத்துக்கும் 35-க்குள்தான் பார்க்க வேண்டும். விவசாயி ஏன் மட்டமாக இலை எடுக்கிறார் என்பது எங்களுக்குத் தெரிந்தால் நல்ல இலைக்குத் தனி விலை வைக்கலாமா என்று யோசிக்க முடியும். அதையாவது பகிருங்கள்.

இன்னொன்று. பெரிய எஸ்டேட்காரர்கள் 1893-லேயே சங்கம் அமைத்தார்கள், 1926-இல் தேவர்சோலையில் தங்களுக்கென்று ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அவர்களிடமே வந்தது. சிறு விவசாயிக்கு 1960-களில் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் வந்தன, 1965-இல் அவற்றின் கூட்டமைப்பான இன்ட்கோசர்வ் வந்தது. தொழிற்சாலை கிடைத்தது. அவர் கேட்கும் கேள்வியை ஆராய ஆள் கிடைக்கவில்லை.

---

முதலாண்டு மாணவி, கூடலூர் – வியாழன், காலை 6.55

நான் எம்.காம். படிக்கிறேன். எங்கள் திட்டக் கட்டுரைக்கு வினாத்தாளோடு பந்தலூர்ப் பக்கம் போகச் சொல்லியிருக்கிறார்கள். இந்த இழையைப் படித்த பிறகு வினாத்தாளின் கடைசியில் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்: "இந்த ஆய்வின் முடிவை உங்களுக்கு எப்படித் தெரிவிக்க வேண்டும்?" அக்கா, இது சரியா?

---

கரும்பலகை, கோவை – வியாழன், காலை 8.20

சரிதான் மகளே. இதை என் மாணவர்களுக்கும் சொல்லப்போகிறேன்.

குந்தா நண்பருக்கு: நேற்று நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். பெயரை நீக்கினால் போதும் என்றேன். அறுபது வீட்டு ஹட்டியில் அது போதாது. பெருநகர வாடிக்கையாளர் ஆய்வில் பழகிய பழக்கத்தை அப்படியே மலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஊர் அளவில் எதையும் தரக்கூடாது, வட்ட அளவில் தொகுத்துத்தான் தர வேண்டும். கடன் பற்றிய தரவை வாங்குகிற நிறுவனத்துக்குத் தரவே கூடாது. இலைத் தரம், எடுக்கும் முறை, கூலிச் செலவு ஆகியவற்றை எல்லோருக்கும் ஒரே நேரத்தில், ஒரே தாளாகத் தரலாம். ஒருவருக்கு மட்டும் முன்னதாகத் தெரிந்தால்தான் கேடு.

---

கோத்தகிரி மகள் – வியாழன், இரவு 9.15

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். இன்று பகலில் பாட்டியையும் போய்ப் பார்த்தேன்.

இலைக்கணக்கு அண்ணன் சொன்னபடி அவரிடம் கேட்டேன். படுகு மொழியிலேயே, நான்காம் அத்தியாயத்தில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடன் பற்றிச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் ஒருத்திதான் இப்படி மாட்டிக்கொண்டேன் என்று நினைத்திருந்தேன். இத்தனை பேரா?" என்றார். மூன்று ஆண்டுகளில் யாரும் என் ஆய்வைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளில் இதுதான் என்னை உலுக்கியது. தேர்வாளர்கள் மாதிரி அளவைப் பற்றிக் கேட்டார்கள், சூத்திரத்தைப் பற்றிக் கேட்டார்கள். இந்த எண்ணிக்கை ஒரு மனிதருக்கு ஆறுதலாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அரசுக்குக் கொடுக்கலாம், வாங்குகிறவனுக்குக் கடன் கதை வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். பேராசிரியர் ஐயா சொன்னதும் அதுதான். நிறுவனத்துக்கு இன்று கடிதம் எழுதிவிட்டேன்: தரவுகள் கிடையாது, எல்லோருக்கும் வெளியிடும் தாள் உங்களுக்கும் அதே நாளில் வரும் என்று. நெறியாளரிடமும் பேசினேன். முதலில் வருத்தப்பட்டார்; கடைசியில், தமிழ்த் தாளைத் தானும் படித்துத் திருத்தித் தருகிறேன் என்றார்.

ஒரு பக்கச் சுருக்கம் மலைக்கோப்பு ஐயா சொன்ன வரிசையில் தயாராகிறது. முதல் பத்தி: கூட்டுறவில் அங்கத்தினர்களுக்கு இலைக் கணக்கின் பேரில் அவசர முன்பணம். அதற்கு எந்த அதிகாரம், எந்த விதி என்பதில் எனக்கு உங்கள் உதவி வேண்டும் ஐயா. தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

அண்ணா, நீங்கள் கேட்ட தாள் பாதி முடிந்துவிட்டது. நாலு கிலோ, நாலே கால், நாலரை என்று மூன்று வரிசை. பக்கத்தில் தூள் விலை 80 முதல் 140 வரை. இதில் கழிவை எப்படிக் காட்டுவது என்று புரியவில்லை. நூறு கிலோ கொண்டுபோனால் எழுதப்படுவது எவ்வளவு என்று தனியாகப் போடட்டுமா?

---

இலைக்கணக்கு, குந்தா – வியாழன், இரவு 9.50

தனியாகவே போடு. மேலே முதல் வரியிலேயே போடு. எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், கண்ணாடி இல்லாதவர்களும் படிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹட்டியில் இலை எடுப்பு இல்லை. காலை பத்து மணிக்குச் சமுதாயக் கூடத்தில் முப்பது பேரையாவது உட்கார வைப்பது என் பொறுப்பு. நீ பாட்டியையும் அழைத்து வா, கடன் பற்றி அவர் பேசினால் மற்றவர்களும் வாய் திறப்பார்கள். மஞ்சூர்க் கணக்குத் தம்பியும் வரலாம். தொழிற்சாலைக் கணக்கை அவர் வாயால் கேட்பது நல்லது, யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

---

எடைமேடை, மஞ்சூர் – வியாழன், இரவு 10.05

வருகிறேன் அண்ணா. கழிவுக் கணக்கு எழுதும் பதிவேட்டின் வெற்றுத் தாள் ஒன்றும் கொண்டுவருகிறேன். எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார்கள் என்று காட்டலாம்.

---

கோத்தகிரி மகள் – வியாழன், இரவு 10.12

முதல் பஸ்ஸில் பாட்டியோடு கிளம்பிவிடுகிறேன். தாள் நாற்பது பிரதி எடுக்கிறேன், போதுமா?

---

இலைக்கணக்கு, குந்தா – வியாழன், இரவு 10.15

அறுபது எடு. வீட்டுக்கு ஒன்று.